ரவுண்டு நைனா காட்டிய கதவுகள்

காஞ்சிபுரத்துக் கோயில்களை ரவுண்டு நைனா அளவுக்கு மோசமாகச் சுற்றிக் காட்டிய மனிதன் இந்தப் பூமியில் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தால்கூட ஒரு கோயிலுக்குள் போய் விழுகிற ஊர் அது. அந்த ஊரில் ஒரு கோயிலைக்கூட அவர் யாருக்கும் திறந்த நிலையில் காட்டியதில்லை.

அறுபதுகளின் கடைசியில் எனக்கு அங்கே மாற்றலானது. மின்சார அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். லாட்ஜ் என்பது மரியாதைக்குச் சொல்வது. எட்டு அறை, ஒரு கிணறு, கதவில்லாத ஒரு குளியலறை. நாலு பக்கமும் தறிச் சத்தம். நடுவில் தீவு மாதிரி நாங்கள் எட்டுப் பேர். எல்லோரும் வெளியூர்க்காரர்கள், ஊரில் ஒருத்தரையும் தெரியாதவர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களைத் தேடி வருகிற ஒரே உள்ளூர்க்காரர் நைனாதான்.

நைனாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. பட்டு நூலைக் கொதிக்கிற தொட்டியில் முக்கி எடுக்கவேண்டும். அதனால் அவர் கை முழங்கை வரை ஒரு வாரம் சிவப்பாக இருக்கும், மறுவாரம் பச்சையாக இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. ஞாயிறு லீவு. அன்றைக்கு ஊருக்குப் புதிதாக வந்தவனைப் பிடித்து ஊரைச் சுற்றிக் காட்டுவது என்று அவராகவே ஒரு பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். காசு வாங்கமாட்டார். வாங்கியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். சும்மா காட்டுகிறவனை என்ன கேட்பது?

நான் போன முதல் ஞாயிறே வந்துவிட்டார்.

"இன்னாபா, புச்சா வந்தவரா? வா, ஒரு ரவுண்டு போய்க்கினு வரலாம்."

"எனக்குத் துணி துவைக்கணும்."

"துணி எங்கபா ஓடப்போவுது? சுத்திப் பாக்காதவனுக்கு இந்த ஊரு தண்ணி ஒத்துக்காது. மின்ன இந்த ரூமுல ஒரு தாலுக்கா ஆபீசுக்காரரு இருந்தாரு. ரவுண்டு வரமாட்டேன்ட்டாரு. ஒரே வாரம், பேதி. டிரான்ஸ்பர் வாங்கிக்கினு ஓடிட்டாரு."

பேதிக்குப் பயந்து போனேன். காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று பேசினார். ஒரு புளியமரத்துக்கு அரைமணி நேரம் சரித்திரம் சொன்னார். முதல் கோயில் வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

"அடடா, சாத்திட்டானுங்களே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். நெற்றியில் பச்சை ஒட்டிக்கொண்டது.

நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அந்த நாலு மணி நேரத்தில் ஆறு கோயில்களுக்கு என்னை வெயிலில் நடத்திக் கூட்டிப்போனார். ஆறு கதவு பார்த்தேன். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் அதே "அடடா". சரியாக நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, "அவ்ளோதான்பா, ரவுண்டு முடிஞ்சிது. வா, காப்பி சாப்புடலாம்" என்றார்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. மூடிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு உள்ளே இருப்பதை எல்லாம் விவரிப்பார். "உள்ள போனா மொத மண்டபம். எடது பக்கம் மூணாவது தூண்ல ஒரு கொரங்கு குந்திக்கினு பழம் உரிக்குது. மூக்கு ஒடஞ்சிருக்குது பாரு!" எங்கே பார்ப்பது? கதவைத்தான் பார்த்தேன். ஆள் புளுகுகிறார் என்று நிரூபிக்க மறுவாரம் தனியாகப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது தூண். குரங்கு. உடைந்த மூக்கு. எனக்கு இன்னும் கோபம் வந்தது. குரங்கின் மூக்கு தெரிந்த மனுஷனுக்கு மணி பார்க்கத் தெரியாதா?

என் பக்கத்து அறைக்கு ஒரு மாட்டு டாக்டர் வந்தார். பாவம், கேமரா வைத்திருந்தார். நைனா அவரை மாகறல் கோயிலுக்கே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். உச்சி வெயிலில் இறங்கினார்கள். கதவு. டாக்டர் பிறகு அம்மாவுக்குக் காட்ட ஆல்பம் செய்தார். புரட்டினால் கதவு, கதவு, கதவு, நடுவில் ஒரு அரிசி மில். அது வாலாஜாபாத் ரவுண்டில் எடுத்தது. அந்த மில்லுக்கு முன்னால் நின்று நைனா சொன்னாராம்: "பாத்தியா டாக்டரு, இது மட்டும் எப்பவும் தொறந்தே இருக்குது!"

இதெல்லாம் சிரிக்கிற கதை. இனி வருவது என் வயிறு எரிந்த கதை.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அப்பா அம்மா இல்லை. இருந்த ஒரே சித்தப்பாவோடு சண்டை. நானே கடிதம் எழுதி, நானே பெண் தேடிக்கொண்டிருந்தேன். தனக்குத்தானே பெண் கேட்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம்தான் வரும். நாலு இடம் தட்டிப்போயிருந்தது. ஐந்தாவதாக வந்தவாசியில் ஒரு நெல் வியாபாரி மட்டும் பதில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரும் சம்சாரமும் வருவார்கள். என்னை முதன்முதலாக அம்மன் சந்நிதியில்தான் பார்ப்பார்கள். ஜாதகத்தை அம்மன் காலடியில் வைத்து எடுத்து, மனசுக்குச் சரி என்று பட்டால் அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம். என் தரப்பில் ஒரு பெரியவர் இருக்கவேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது.

பெரியவருக்கு நான் எங்கே போவேன்? சனிக்கிழமை சாயப்பட்டறைக்குப் போய் நைனாவைப் பிடித்தேன். கை அந்த வாரம் ஊதா.

"நைனா, நாளைக்கு எட்டு மணிக்கு அவங்க பஸ்ஸை விட்டு இறங்குவாங்க. அவருக்கு முழங்கால் வலி, ஜட்கா பேசிக்குங்க. கொஞ்சம் ஊரைக் காட்டுங்க. பத்து மணிக்கு அம்மன் சந்நிதிக்குள்ள கூட்டிட்டு வந்துடணும். நீங்கதான் என் தரப்புப் பெரியவர்."

அவர் நூலைத் தொட்டியிலேயே விட்டுவிட்டார்.

"நானா?"

"வேற யார் இருக்கா?"

"நா வாசல் வரிக்கும் இட்டாந்து..."

"வாசல் இல்லை நைனா, உள்ளே. தாம்பூலம் மாத்தற இடத்துல நீங்க நிக்கணும். மணி தப்பிச்சுதோ, கொன்னுடுவேன்."

அவர் ஊதாக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு ஒன்பதரைக்கே தாம்பாளத்தோடு சந்நிதிக்கு முன்னால் நின்றேன். பத்து ஆனது. பதினொன்று ஆனது. வெற்றிலை வாடியது, நானும் வாடினேன். பன்னிரண்டுக்கு மணியடித்து எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சார், நீங்களும்தான்" என்று வெளியே தள்ளாத குறையாக அனுப்பினார்கள்.

பன்னிரண்டரைக்கு ஜட்கா வந்தது.

நடந்தது இதுதான். நைனா ஜட்காவை நேராகப் பிள்ளையார்பாளையத்துக்கு ஓட்டச் சொல்லியிருக்கிறார். காலை வேளையில் அங்கே தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். அது காய்ந்து சுருட்டும் வரை வண்டி போகாது. மந்திரியே வந்தாலும் நிற்கவேண்டியதுதான். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குப் பாவு போடுவார்கள் என்பது நைனாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு தெருவில் நின்று, அது முடிந்ததும் அடுத்த தெருவில் போய் நின்று, இப்படி மூன்று தெருவில் என் கல்யாணத்தை நிறுத்திவைத்திருந்தார்.

வந்தவாசிக்காரர் காலை நொண்டிக்கொண்டு இறங்கினார். கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார்.

"நீதான் புள்ளையாப்பா?"

"ஆமாங்க. நாலு மணிக்குத் திறந்துடுவாங்க. அதுவரைக்கும்..."

"நாலு மணிக்குத் தொறக்கறது வேற. நாங்க வந்து நிக்கறப்ப அம்மாவே கதவ சாத்திட்டா. இதுக்கு மேல இன்னா உத்தரவு வேணும்?"

அவர் சம்சாரம் கண்ணை மூடிக் கதவையே கும்பிட்டார். நைனா பதறிப்போய், "அம்மா, உள்ள பாக்கணும்னா நா சொல்றேன் கேளு. உள்ள போனதும் வலது பக்கம்..." என்று ஆரம்பித்துவிட்டார். ஊதாக் கையை ஆட்டி ஆட்டி, கொடிமரத்திலிருந்து அம்மன் மூக்குத்தி வரை ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மாள் கதவைப் பார்த்தபடியே கேட்டு அழுதே விட்டார். வியாபாரி அசையவில்லை. "வண்டியத் திருப்புபா" என்று ஜட்காக்காரரிடம் சொன்னார். ஒன்றரை மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதைப் பத்திரிகையில் போடமாட்டார்கள். கடைசியில் கேட்டேன்: "ஏன்யா, உன் ஜன்மத்துல ஒரு நாளாவது திறந்த கோயிலுக்குள்ள போயிருக்கியா?"

"இல்லபா" என்றார்.

கேள்விக்குப் பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எனுக்கு எட்டு வயசு. எங்கப்பாரு கைய புடிச்சிக்கினு ஒரு கோயில் வாசலுக்குப் போனன். கம்பால நெஞ்சுல குத்தித் தள்ளனாங்கபா அவர. எங்க ஜனம் அப்ப உள்ள போவக்கூடாது. அப்புறம் சட்டம் வந்துச்சி, வா வான்னாங்க. அதுக்குள்ள அவரு செத்துட்டாரு. அவரு பாக்காதத நா மட்டும் எப்டிபா பாக்கறது?"

"அப்ப குரங்கு, மூக்குத்தி...?"

"வெளிய வர்றவங்களாண்ட கேட்டுக்குவன். முப்பது வருசமா கேக்கறன்."

"சாத்தற நேரமாப் பார்த்து ஏன் கூட்டிட்டுப் போறீங்க?"

"தொறந்திருந்தா, 'நீயும் வா நைனா'ன்னு கூப்புடுவீங்க. வரமாட்டேன்னா ஏன்னு கேப்பீங்க. ஊருக்குப் புச்சா வந்தவனாண்ட இதையா சொல்லுவாங்க? கதவு சாத்தியிருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க." சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேத்து நீ பெரியவருன்னுட்ட. உள்ள வந்தா எங்கப்பாருக்கு இன்னா சொல்றது, வெளிய நின்னா அவுங்களுக்கு இன்னா சொல்றது? ராவெல்லாம் தூங்கல. வண்டிய சுத்த வுட்டுட்டன். தப்புதான்பா."

எனக்குக் கோபம் போகவில்லை. யார் மேல் கோபப்படுவது என்பதுதான் குழம்பிப்போனது. கம்பு பிடித்தவன் எப்போதோ செத்துப்போயிருப்பான். நான் மூன்று நாள் நைனாவோடு பேசவில்லை.

நாலாம் நாள் சாயப்பட்டறையில் ஆள் இல்லை. வந்தவாசிக்குப் பஸ் ஏறினார் என்றார்கள். வாலாஜாபாத்தையும் மாகறலையும் தாண்டாத மனுஷன். மறுநாள் சாயங்காலம் கால் வீங்கி லாட்ஜுக்கு வந்தார். வழி தெரியாமல் அந்த ஊரையே மூன்று ரவுண்டு சுற்றியிருக்கிறார்.

"போய் என்ன சொன்னீங்க?"

"அம்மா கதவ சாத்தல, நாந்தான் சாத்த வெச்சன்னு சொன்னன். ஏன்னும் சொன்னன். எங்கப்பாரு கதையும் சொன்னன்."

முப்பது வருஷம் யாரிடமும் சொல்லாததை ஒரே வாரத்தில் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"அவர் என்ன சொன்னார்?"

"அந்தக் கதையெல்லாம் நமக்கெதுக்குன்னாரு. உங்களப் பெரியவருன்னு சொன்ன எடத்துல எங்க பொண்ணக் குடுக்கமாட்டோம்னாரு." தலையைக் குனிந்துகொண்டார். "வாசல்லயே நின்னன்பா. சாயங்காலம் வரிக்கும் நின்னன். அந்தம்மா மோரு குடுத்தாங்க. நல்ல மோரு."

"டம்ளர்லயா?"

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"கையிலதான் ஊத்தினாங்க. டம்ளர்ல சாயம் ஒட்டிக்கும்னு பயந்துட்டாங்க போலக்குது" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. வந்தவாசி அரிசியை அதற்கப்புறம் நான் வாங்கியதும் இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவே இல்லை. அதற்கு நைனாவைக் குறை சொல்லமாட்டேன். அடுத்தடுத்து வந்த இடங்களை என் வாயே கெடுத்தது. ஒவ்வொரு இடத்திலும் "உங்க தரப்புல பெரியவர் யாரு?" என்று கேட்டார்கள். நைனா பெயரைச் சொன்னேன். வேறு பெயர் சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. இவ்வளவு வயதுக்கு எனக்காக ஒரு வீட்டு வாசலில் போய் நின்று கேட்ட மனுஷன் அவர் ஒருத்தர்தான்.