ஒரு லாரி சேறு வேண்டி

கள்ளக்குறிச்சி,
ஐப்பசி 9.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை தெய்வசிகாமணி அவர்களுக்கு,

உங்கள் மச்சான் கொளஞ்சியப்பன் இரு கையும் கூப்பி எழுதுவது. ஆத்தூரில் நீங்களும் என் தங்கை அமிர்தமும் சுகமாக இருப்பீர்கள். உங்கள் ஜவ்வரிசி ஆலையும் சுகமாகத்தான் இருக்கும். இங்கே நானும் சுகமில்லை, என் ஆலையும் சுகமில்லை. மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன், எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். நியாயம்தான். உங்கள் ஆலையில் கழிவுநீர்த் தொட்டி திறந்த அன்று, "சாக்கடைக்கு இம்மாம் பெரிய வூடா மாப்ள, பால் காய்ச்சியாச்சா?" என்று பந்தியில் நூறு பேர் முன்னால் கேட்டவன் நான்தான்.

அடுத்த வருஷமே மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் நெருக்கியதால் அதே மாதிரித் தொட்டியை நானும் கட்டினேன். காற்றுப் புகாமல் மூடிய தொட்டி, அடியில் கறுப்புச் சேறு, சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள், கிழங்கு கழுவிய புளித்த தண்ணீரை அவை தின்றுவிட்டுக் காஸ் விடும் என்று தொட்டி கட்டிய இன்ஜினியர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஆறு மாதம் சாணி கரைத்து ஊற்றிய பிறகு அடுப்பு நீலமாக எரிந்தது, விறகில்லாமல் ஜவ்வரிசி வறுபட்டது, ஓடைத் தண்ணீரில் நாற்றம் போயிற்று, நம்பிவிட்டேன். அப்போது வந்து சேர்ந்தது ஆயுத பூஜை. மெஷின், தராசு, லாரி எல்லாவற்றையும் கழுவிய மேஸ்திரி கண்ணாயிரம், தொட்டியின் அடிவால்வைத் திறந்து சேற்றையெல்லாம் ஓடவிட்டு, மேலிருந்து இரண்டு மூட்டை ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காயும் உடைத்துவிட்டான். உங்களிடம் மறைப்பானேன், நானும் மெச்சி ஒரு வேட்டி கூடுதலாகக் கொடுத்தேன். மறுநாள் அடுப்பு பற்றவில்லை. இன்ஜினியர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார், எல்லாத்தயும் கழுவிட்டு இத மட்டும் நாற வுட்டா சாமி கோச்சிக்காதா?" என்கிறான் கண்ணாயிரம்.

"யோவ், நீ கழுவி வுட்டது அழுக்கு இல்லய்யா. அதான்யா மிஷினு!" என்று கத்துகிறார் இன்ஜினியர்.

மறுபடி சாணியில் வளர்த்தால் இன்னும் ஆறு மாதம். ஓடை மறுபடி நாறியதும் அதிகாரி வந்து கொடுத்த கெடுவில் மிச்சம் பன்னிரண்டு நாள். அதற்குள் தண்ணீர் சுத்தமாகாவிட்டால் கரண்டைப் பிடுங்கி ஆலைக்குச் சீல். கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு இறங்க ஆரம்பித்துவிட்டது, தோண்டின மூணாம் நாள் கறுத்துப்போகிற சரக்கு. "இன்னா மொதலாளி, வாங்கிக்கிறீங்களா, ஆத்தூருக்கே போய்க்கினு இருக்கட்டா?" என்று விவசாயிகள் வாசலில் நின்று கேட்கிறார்கள். ஓடுகிற தொட்டியின் சேறு ஒரு லாரி கிடைத்தால் பத்தே நாளில் உயிர் வந்துவிடும் என்கிறார் இன்ஜினியர். உறைமோருக்கு அடுத்த வீட்டில் கிண்ணம் நீட்டுகிற மாதிரி நீட்டுகிறேன், மாப்பிள்ளை. கச்சிராயபாளையத்தில் சைக்கிளில் கிழங்கு விற்ற நாளிலிருந்து நான் யாரிடமும் கையேந்தியதில்லை. முதன்முதலாகக் கேட்பது உங்கள் சாக்கடையை.

உங்கள் பிள்ளைகள் நீடு வாழட்டும், தொட்டி குறைவின்றிக் குமிழட்டும்.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போதுதான் சேதி வந்தது. யார் சொல்லித் தெரிந்ததோ, நான் கேட்காமலே நேற்று மதியம் ஒரு டேங்கர் நிறையச் சேறு அனுப்பியிருந்தீர்களாம். எங்கள் வாட்ச்மேன் முனியன் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "ஊரான் சாக்கடைய எங்க மொதலாளி தலைல கொட்ட வந்தியா?" என்று கம்போடு துரத்தியிருக்கிறான். டிரைவர் சின்னசேலம் தாண்டி யாரோ ஒருவரின் கரும்புக் கொல்லையில் கொட்டிவிட்டுப் போனாராம். ஆகையால் மேலே எழுதியதெல்லாம் இரண்டாவது லாரிக்கு என்று வைத்துக்கொள்ளவும். முனியனுக்கு லீவு கொடுத்துவிட்டேன். கேட்டில் நானே நிற்கிறேன்.