ஆறில் ஒன்றைத்தான் சோதித்தேன்

குன்றத்தூர் அறையில் என் அறைத்தோழன் முருகேசன் கேரம் பலகையை 'ப்பூ' என்று ஊதியபோதுதான் அந்த யோசனை வந்தது. பவுடர் வெள்ளையாக எழுந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் சுழன்று கரைந்தது. துப்பாக்கிப் புகை!

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையின் குடும்ப விழா நாடகத்தில், லைன் சூப்பர்வைசர் எட்வின் அண்ணன்தான் போலீஸ். கையில் பொம்மை ரிவால்வர். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் ரப்பர் குண்டைத் தள்ளும், அவ்வளவுதான். பொட்டு வெடிக்கு சேஃப்டி அதிகாரி தடை.

"இன்னாபா ஜெரி, சுட்டா புகை வர வேணாமா? கொசு அடிக்கிற மாதிரி கீது" என்று அண்ணன் என்னிடம் நொந்துகொண்டார்.

நான் பயிற்சி இன்ஜினீயர். என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தில் அடுத்த வாரம் பிளான்ட் மேனேஜர் கையெழுத்திட வேண்டும். அவர் கண்ணில் பட இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? (பட்டது.)

ஜூஸ் ஸ்ட்ராவை நறுக்கி, பொடி அடைத்து, டிஷ்யூ காகிதத்தால் வாய் மூடி ஆறு குண்டுகள் செய்தேன். ஆறிலும் ஒரே பொடி என்றால் அது என்ன பரிசோதனை? கேரம் பவுடர், மைதா, அரிசி மாவு, மஞ்சள், காபித்தூள். ஆறாவதற்கு அலமாரியில் கை விட்டேன்.

"ஏலே, அது எங்கம்மா இடிச்சு அனுப்புன இட்லிப் பொடில! தின்கதுக்கா, சுடுகதுக்கா?" என்று முருகேசன் அலறினான்.

முதல் குண்டைச் சுட்டுப் பார்த்தேன். அழகான புகை. எங்கள் லைனில் ஷிஃப்டின் முதல் பீஸை அளந்து ஓகே சொன்னால், மற்றவை ஓடும். அதே பழக்கத்தில் ரிவால்வரின் முதல் அறையில் மட்டும் கேரம் பவுடரை மறுபடி நிரப்பிவிட்டு, மற்ற ஐந்தையும் அப்படியே விட்டேன். நாடகத்தில் ஒரே ஒரு சூடுதானே!

மேடையில் அண்ணன் சுட்டார். புகை வந்தது. விசில் பறந்தது. அவர் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் யாரும் அவருக்காக விசில் அடித்ததில்லை. செத்துக் கிடந்த வில்லனை மறுபடி மறுபடி சுட்டார். வில்லன் வெள்ளையானான், மஞ்சளானான், காபி நிறமானான். கடைசிக் குண்டை ஸ்டைலாகத் திரும்பி முன்வரிசைப் பக்கம் விட்டார்.

பிளான்ட் மேனேஜர் ஒன்பது முறை தும்மினார். கண்ணைத் திறக்கவேயில்லை.

"யோவ், தண்ணி கொண்டாங்கய்யா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்.

என் பயிற்சி மூன்று மாதம் நீண்டது. குறை வந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்டு எழுதும் எங்கள் படிவத்தை மேனேஜரே நீட்டினார். "மற்ற ஐந்தை ஏன் சோதிக்கவில்லை?" என்பதில் பேனா நின்றது. முதல் பீஸ் ஓகே என்பதுதான் என் மொத்த சுபாவமும். பரீட்சை, நட்பு, வேலை எல்லாவற்றிலும் முதல் கைதட்டலோடு சோதிப்பதை நிறுத்திவிடுகிறவன் நான். அதை எழுத இடம் போதவில்லை. 'அவசரம்' என்று மட்டும் எழுதினேன்.

இன்றும் லைனில் நான் எந்த பீஸுக்கு ஓகே சொன்னாலும் எட்வின் அண்ணன் கேட்பார்: "மீதி அஞ்சுல இன்னா பொடி?"

இந்த வருஷ நாடகத்தில் அட்டைப் பீரங்கி. ஆறு குண்டு, ஆறும் மைதா. ஞாயிற்றுக்கிழமை ஆறையும் சோதிக்கிறோம். முன்வரிசை நாற்காலியில் நான் உட்காருகிறேன். சுடப்போவது முருகேசன். இட்லிப் பொடி டப்பாவை அவன் பூட்டி வைத்துவிட்டான். சாவி அவனிடம் இருப்பதுதான் கவலையாக இருக்கிறது.