ஆம்ப்ளிஃபயர் இரைச்சல் வதைப் படலம்

முப்பத்திரண்டு பற்களின் கோட்டைகளை நாள்தோறும் குடைந்து தகர்ப்பவனே! அக்குடைகருவியின் கிறீச்சொலியால் பகலெல்லாம் செவி நொந்தவனே! மாலையில் அரைமணி நேரம் மாசற்ற வயலினிசை கேட்பதையே வீடுபேறாகக் கொண்ட பல் மருத்துவப் பெருந்தகையே, உன் வீரம் பாட எம் நாவுக்கு வலிமை உண்டாகுக! மின்சாரத்தில் உறையும் தேவர்களே, ஒயரை விட்டுத் தலை நீட்டிச் சற்றே கேளுங்கள்.

அவன் கூடத்து மூலையில் ஆம்ப்ளிஃபயர் என்னும் கருநிறக் கோட்டை நின்றது. இருபுறமும் ஸ்பீக்கர்கள் வாயிற்காவலர்களாய் விறைத்து நின்றன. இரண்டு மாதங்களுக்கு முன், மாமியார் வந்து தங்கிய அதே வாரத்தில், அக்கோட்டைக்குள் ஓர் அரக்கன் குடிபுகுந்தான். உருவமற்றவன், ஒரே சொல் கற்றவன். அச்சொல் 'ம்ம்ம்ம்.'

இல்லத்தரசி ஆணையிட்டாள்:

"சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும். இல்லன்னா பெட்டி பரணுக்குப் போகும். அந்த மூலைக்கு என் தையல் மெஷின் வரும்."

சோபாவிலிருந்து மாமியார் வழிமொழிந்தார்:

"ஆமா மாப்பிள்ளை, காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு."

சனிக்கிழமை பிற்பகல் போர் மூண்டது. மலைப்பாம்பின் தடிமனுள்ள புது பவர் ஒயரையும், இரைச்சலை வடிகட்டும் என்று கடைக்காரன் சத்தியம் செய்த பெட்டியையும் ஏந்தி வீரன் களம் புகுந்தான். அரக்கன் அசையவில்லை. வீரன் குளிர்சாதனப் பெட்டியை அணைத்தான். மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கினான். டியூப்லைட்டுகளை வரிசையாகக் குருடாக்கினான். வியர்த்து விசிறிக்கொண்ட மாமியாரின் தலைக்கு மேலிருந்த மின்விசிறியையும் கருணையின்றி வீழ்த்தினான். 'ம்ம்ம்ம்' என்றான் அரக்கன். எலக்ட்ரீஷியனோ தொலைபேசியில் அசரீரியாய் முழங்கினார்:

"சார், என்ன வேணா பண்ணுங்க, எர்த் பின்னை மட்டும் புடுங்கிடாதீங்க. சத்தத்தோட நீங்களும் போயிடுவீங்க."

மணி ஐந்து ஐம்பது. அளவு நாடாவோடு வந்த இல்லத்தரசி மூலையை அளக்கத் தொடங்கினாள். அது கண்ட வீரன், கோட்டையின் பின்புறத்தில் குப்புறப் படுத்து, தூசிப்படலம் கண்ணை மறைக்க, சர்ப்பங்களைப் போல் பின்னிக் கிடந்த ஒயர்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் பார்த்து, முடிவில் ஒரு சாம்பல்நிற ஒயரை உருவினான்.

நிசப்தம்! பாற்கடல் போல் பரந்த, பழுதற்ற நிசப்தம்!

ஆனால் அவ்வொயர் சென்று சேர்ந்த இடம் டிவி. தங்கமான மாப்பிள்ளை என்று பெயரெடுக்கும் ஆசையில், மாமியாரின் சீரியல் பெரிய ஸ்பீக்கரில் முழங்கட்டுமென்று அவனே தன் கையால் செருகிய ஒயர் அது. கேபிள்காரரின் கம்பி வழியே டிவிக்குள் வந்த இரைச்சல் அரக்கன், மருமகன் கட்டிய அப்பாலத்தின் மீதே நடந்து கோட்டைக்குள் நுழைந்திருந்தான்.

போகட்டும், வென்றாயிற்று! இசைத்தட்டு சுழன்றது, வயலின் ஒரே ஒரு முறை விம்மியது, அளவு நாடா தாழ்ந்தது.

மணி ஆறு அடித்தது. மாமியார் டிவியைப் போட்டார். திரையில் மாதரார் வாயசைத்தனர். டிவியின் சொந்தக் குரலோ கொசுவின் முனகலாய்த் தேய்ந்தது. அப்போது சோபாவிலிருந்து பிறந்தது இறுதித் தீர்ப்பு:

"மாப்பிள்ளை, அவ என்ன சொல்லி அழுவுறான்னே தெரியல. பெட்டி இங்கயே இருக்கட்டும். வண்டு கத்துனா கத்திட்டுப் போகுது, அந்த ஒயரைச் செருகுங்க."

டாக்டர் ஒயரைச் செருகினார்.