பிரேக் அக்காவும் கோப்பி என்ற குதிரையும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் பிரேக் அக்கா. மீதிப் பாதிப் பேர், அவர் தெருவில் கத்துவதைக் கேட்டே கற்றுக்கொண்டார்கள்.

டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இருபது வருஷம் அதை மிதித்த கால், எங்கே உட்கார்ந்தாலும் பிரேக் தேடியது. பஸ்ஸில் மிதிப்பார். சினிமாவில் கதாநாயகன் கார் ஓட்டினால் முன் சீட்டை மிதிப்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அவசரமாகத் தாலியை எடுத்தபோது தரையை மிதித்ததை நானே பார்த்தேன்.

என்னைவிட இரண்டு வயது இளையவர். ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். நான் மூன்று டெஸ்டிலும் மேட்டில் நிறுத்திய காரைப் பின்னால் உருட்டிவிட்டு, இந்த ஜென்மத்துக்கு எல்ஆர்டி ரயில் போதும் என்று ஒதுங்கியவன். அக்காவுக்கு அது மானப் பிரச்சினை.

"எத்தனையோ பேருக்கு லைசன்ஸ் எடுத்துக் குடுத்தேன். என் பேரக் கெடுத்த ஒரே ஆளு நீங்கதாண்ணே."

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷா ஆலம் பக்கம், தான் குதிரைச் சவாரி போகும், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்கு என்னை இழுத்துப் போனார்.

"கார் நம்ம பயத்தக் கண்டுக்காதுண்ணே. குதிரை கண்டுக்கும். உங்களுக்கு இதான் சரி."

பால் விடாத கோப்பி நிறத்தில், கோப்பி என்ற பெயரில் ஒரு குதிரை நின்றது. அக்கா முதல் காரியமாக என் முதுகில் 'எல்' அட்டையை ஒட்டினார்.

"குதிரைக்குப் படிக்கத் தெரியுமா அக்கா?"

"பின்னால குதிரையில வர்றவனுக்குத் தெரியும்லா."

ஹெல்மெட் பட்டையை இழுத்துப் பார்த்தார். சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கினார். "பத்து நிமிஷம் நடந்ததும் இன்னொரு தடவ இறுக்கணும். ஃபோட்டோவுக்கு நாம வயித்த உள்ள இழுப்போம். இது வெளிய தள்ளி ஏமாத்தும். அப்புறம், இது காது ரெண்டுக்கும் நடுவுல முன்னால போற குதிரையோட பின்னங்கால் தெரியணும். தெரியலன்னா ரொம்ப ஒட்டிப் போறீங்கன்னு அர்த்தம்."

நான் ஏறினேன். கோப்பி புல் தின்னக் குனிந்தது. அதன் கழுத்து வழியே சறுக்கி நானும் புல்லுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இடுப்பைவிட மனசுதான் அதிகம் வலித்தது. இதையும் விட்டுவிட்டால் இனி எதையுமே ஓட்டப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவர் கத்தவில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் ஏறச் சொல்லவும் இல்லை. கோப்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க மட்டும் விட்டார். நான்காவது ஞாயிறு நானே ஏறினேன்.

அன்றுதான் வேறொரு ஆபத்து தெரிந்தது. நான் சற்று வேகமாகப் போனால், பின்னால் வரும் அக்காவின் கால் தானாகப் பிரேக் மிதிக்கும். அந்த மிதி விலாவில் பட்டால், குதிரைக்கு அதுதான் ஆக்சிலரேட்டர்! அவர் குதிரை எல்லாரையும் தாண்டிப் பறக்க, தூரத்திலிருந்து குரல் வரும்: "அண்ணே, மெதுவாப் போங்க!"

ஐந்தாவது ஞாயிறு, பாதையின் குறுக்கே ஒரு உடும்பு ஓடியது. கோப்பி மிரண்டு பாய்ந்தது. எதிரே தோட்டத்துப் பெரிய கால்வாய். அக்கா இப்போது மிதிப்பார், அவர் குதிரையும் பாயும், அதைக் கேட்டுக் கோப்பி இன்னும் பாயும், நாலு பேரும் கால்வாய்க்குள் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

பின்னால் குளம்புச் சத்தமே இல்லை. குரல் மட்டும் வந்தது, கத்தலாக இல்லை, பாடம் எடுக்கிற குரலாக.

"அண்ணே, மூச்ச விடுங்க. ரவுண்டபவுட் எடுங்க. வலது கை மட்டும்."

கடிவாளத்தின் வலது வாரை இடுப்புப் பக்கம் இழுத்தேன். கோப்பி வளைந்தது. பெரிய வட்டம், சின்ன வட்டம், அதைவிடச் சின்ன வட்டம். நின்றது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா சேணத்தின் கால்வளையங்களிலிருந்து இரண்டு காலையும் உருவி, இறக்கை விரித்த கொக்கு மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"மிதிக்கல பாத்தீங்களாண்ணே," என்றார்.

அன்றே முதுகிலிருந்த 'எல்' அட்டையைக் கிழித்து, புது லைசன்ஸ்காரர்கள் இரண்டு வருஷம் காரில் ஒட்ட வேண்டிய சிவப்பு 'பி' ஸ்டிக்கரை என் ஹெல்மெட்டில் ஒட்டினார். "ரெண்டு வருஷம். நாந்தான் வந்து எடுப்பேன். நீங்களா கிழிச்சீங்க, சம்மன்தான்."

பிறகு அக்கா மகளோடு இருக்க ஜொகூருக்குப் போய்விட்டார். இது மூன்றாவது வருஷம். சிவப்பு வெளுத்து ரோஸாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் கேலி செய்கிறார்கள்: "என்னா அங்கிள், இன்னும் பி-யா?"

ஆமாம், பி-தான். எடுக்க வேண்டியவர் இன்னும் வரவில்லை.