மாமாவைத் தூங்க வைத்த கதை

சொந்தக்காரர்கள் வீட்டுக்கு நான் போனால், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ மரியாதை என்று நினைப்பார்கள். மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பயம். சங்கர் காலைத் தொட்டால் ஆள் காலி என்று ஜவ்வாது மலையில் நாலைந்து ஊர்களில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஒரே பகலில் சம்பாதித்தேன்.

அதற்கு முன்பு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அடிப்பாகத்துக்குப் பசை தடவுகிற வேலையில் இருந்தேன். ஆர்டர் குறைந்ததும் பசை தடவியவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு வீடு என்றால் அலமேலு அக்கா வீடுதான். அப்பா அம்மா போய்விட்ட பிறகு மலையில் எனக்கென்று இருந்தது அக்காவும், அக்காவைக் கட்டிய ராமசாமி மாமாவும் மட்டுமே. பையைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே விழுந்தேன்.

தண்டச்சோறு தின்ன வெட்கப்பட்டு, வேலூரில் ஒரு மாடியறையில் நடந்த பாத அழுத்த சிகிச்சைப் பயிற்சிக்குப் போனேன். (இத்தனை வருஷம் செருப்புக்குச் செய்த சேவையை இனி காலுக்கே செய்வோம் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் வசனம் வேறு பேசினேன்.) உள்ளங்காலில் மொத்த உடம்பும் இருக்கிறது என்றார்கள். கட்டைவிரலில் மூளை, அதற்குக் கீழே கழுத்து, நடுவில் வயிறு, குதிகாலில் இடுப்பு. அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தினால் உடம்பு தானாகச் சமநிலைக்கு வந்துவிடுமாம். கால் அமுக்குவதோடு விடவில்லை. வாசனை எண்ணெய், விளக்கு வெளிச்சம், நெற்றியில் குளிர்ந்த கல், படுக்கும் திசை என்று துணைச் சிகிச்சைகளும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே வாரத்தில், கால் அழுத்த ஒரு மரக்குச்சியும் லேமினேஷன் போட்ட சான்றிதழுமாக ஊர் திரும்பினேன். ஜமுனாமரத்தூருக்கு அருவி பார்க்க வருகிறவர்களின் கால்களை நம்பி ஒரு கடை போடுவது என் திட்டம். அதற்கு முன் பழகிப் பார்க்க வீட்டிலேயே ஒரு ஜோடி கால் தேவைப்பட்டது.

மாமாவுக்கு அப்போது தூக்கம் என்பதே இல்லை. போளூர் டாக்டர் பிரஷர் மாத்திரை கொடுத்து, "நல்லா தூங்கணும், இல்லேன்னா இதயத்துக்கு ஆகாது. மனசுல எதையும் வெச்சுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாமா மனதில் ஒரு முழுப் புளியமரத்தையே வைத்திருந்தார். அவருடைய நிலத்துக்கும் அவர் தம்பி ஏழுமலையின் நிலத்துக்கும் நடுவில், எல்லையிலேயே நிற்கிற மரம் அது. பாகம் பிரித்தபோது அது யாருக்கு என்று பேசி முடிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் அண்ணனும் தம்பியும் பேசுவதையே விட்டுவிட்டார்கள். ஏழுமலை வீடு கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் வருஷக்கணக்கில் நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. அக்கா தினமும் மாமாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்துகொண்டிருந்தாள்.

"டேய் சங்கரு, அந்தக் குச்சிய வெச்சி இவர எப்டினா தூங்க வெச்சிட்றா. உனுக்குக் கோயில் கட்றேன்" என்றாள்.

கோயில் கட்டுகிறேன் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் அவள் சாமை வயலுக்குக் கிளம்பியதும் மாமாவை நடுவீட்டில் பாயில் படுக்க வைத்தேன். வடக்கே தலை வைக்கக் கூடாது, தெற்கே வை என்று பயிற்சியில் சொன்னார்கள். வைத்தேன். மலைக்காற்று சில்லென்று இருந்ததால் துவைத்த வெள்ளை வேட்டியைக் கழுத்து வரை போர்த்தினேன். வாசனை பரப்பும் கருவிக்குக் கரண்ட் இல்லை. அகல் விளக்கில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுத் தலைமாட்டில் ஏற்றினேன். ஊதுவத்தியும் கொளுத்தினேன். மூக்கடைப்பு தீர, தைலம் நனைத்த பஞ்சு, மூச்சுப் போகிற அளவுக்கு லேசாக, மூக்கில். கோழிச் சத்தம் கேட்காமலிருக்கக் காதில் பஞ்சு. வாயைத் திறந்து மூச்சு விடக் கூடாது என்பதற்காகத் தாடையோடு சேர்த்து உச்சந்தலையில் துண்டால் ஒரு கட்டு. நெற்றியில் வைக்கக் குளிர்ந்த கல் கிடைக்கவில்லை. ஒரு ரூபாய்க் காசைத் தண்ணீரில் நனைத்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் குச்சியால் அழுத்தியதுமே மாமா கண்ணை மூடிவிட்டார். கண் மூடியதும் பாதங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. பாதம் நேராக இருந்தால்தான் சமநிலை. வெள்ளைத் துணியில் ஒரு கீற்று கிழித்து, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன்.

(இதைப் படிக்கிற நீங்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். நான் வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. தள்ளி நின்று மொத்தமாகப் பார்க்கத்தான் தோன்றவில்லை.)

சிகிச்சை முடிந்ததும் ஆளைத் தனியாக விட வேண்டும் என்பது பாடம். எழுந்ததும் கால் நனைக்க உப்புத்தண்ணீர் சுட வைக்கலாம் என்று பின்பக்கம் போய் அடுப்பை மூட்டினேன். மாமா தூங்கிவிட்டார், என் வாழ்க்கை விடிந்துவிட்டது என்று ஊதாங்குழலை ஊதிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அலறல் கேட்டது. பாம்பு என்று நினைத்து உள்ளே ஓடினேன். பாதி நாளிலேயே வயலிலிருந்து திரும்பிவிட்ட அக்கா, நிலைப்படியில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ எஞ்சாமி! மாட்டுக் கொட்டாய்க்கு கூர மாத்துறேன்னு சொன்னியே, மாத்தாமயே பூட்டியே! மாத்தர போட்டியா போட்டியான்னு கேட்டுனே இருந்தனே, பதில் சொல்லாம பூட்டியே!"

"அக்கா, சாவலக்கா! சிகிச்சை!" என்று கத்தினேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் குமார் அண்ணன் என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்து, "அழுடா. அடக்கி வெக்காத. நல்லா அழுதுடு" என்று முதுகில் தட்டினார். அவர் தோளில் முகம் புதைந்திருந்ததால் நான் சொன்ன எதுவும் வெளியே வரவில்லை. தட்டி முடித்துவிட்டு அவர் சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போய், மாமாவின் படத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார். போளூரில் பேனருக்கும் சொல்லிவிட்டுத் திரும்பினார். வேகமான மனிதர்.

யாராவது மூக்கில் கை வைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மூக்கில்தான் பஞ்சு இருக்கிறதே! தலைமாட்டில் விளக்கு, நெற்றியில் காசு, கட்டிய கட்டைவிரல். இதற்கு மேல் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

உண்மையைச் சொன்னால், கொஞ்ச நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு கூச்சலிலும் மாமா அசையவில்லை. இடது பாதத்தில் இதயத்தின் இடம் என்று பயிற்சியில் கொடுத்த படத்தில் போட்டிருந்த இடத்தைத்தான் நான் ரொம்ப நேரம் அழுத்தியிருந்தேன். மாமா உருப்பட வேண்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே. கொன்றுவிட்டேன், அக்காவின் தாலியை ஒரு குச்சியால் அறுத்துவிட்டேன் என்றே முடிவு கட்டினேன். கத்துவதை நிறுத்திவிட்டு மூலையில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதேன். என் வாழ்நாளில் அப்படி அழுததில்லை. கிட்டே போய்ப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

அப்போதுதான் ஏழுமலை சின்ன மாமா வந்தார். செருப்பு இல்லை, சட்டை இல்லை, கையில் அப்படியே களைக்கொத்து. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அண்ணன் காலடியில் விழுந்தார். கட்டியிருந்த கட்டைவிரல்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா! எட்டிப் பாக்காம இருந்துட்டேனே! உன்னத் தோள்ல தூக்கினு போவத்தான் வந்தேனா? அந்த மரம் இன்னாத்துக்குடா நமக்கு? நீயே வெச்சிக்கோண்ணா! எனுக்கு வேணாம், எம்புள்ளைங்களுக்கும் வேணாம். எழுந்து வந்து நீயே உலுக்கிக்கோ!"

நான் குச்சியால் தேடியும் கிடைக்காத ஏதோ ஓர் இடத்தை அவர் அழுத்தியிருக்க வேண்டும். மாமாவின் நெற்றியிலிருந்து காசு உருண்டு தரையில் விழுந்தது. மாமா எழுந்து உட்கார்ந்தார். பெண்கள் மூலைக்கொருவராகச் சிதறினார்கள். குமார் அண்ணன் வாசல் வழியாகப் போனவர் திரும்பி வரவேயில்லை. மாமா நிதானமாகத் தாடைக் கட்டை அவிழ்த்தார். மூக்குப் பஞ்சை எடுத்தார். தம்பியைப் பார்த்துக் கேட்டார்:

"மெய்யாவா? மரத்த எனுக்கே குடுத்துட்டியா?"

சின்ன மாமா கட்டைவிரல்களை விட்டுவிட்டு அண்ணனை ஏறிட்டுப் பார்த்தார். சந்தோஷமா திகிலா என்று தெரியாத முகம் அது. பிறகு மெதுவாக அந்த முகம் இறுகியதைப் பார்த்தேன்.

"மரத்துக்காவ பொணமா படுத்தியா நீ? மச்சான வெச்சி நாடகமா?"

"டேய், நான் தூங்கினு இருந்தேன்டா..."

"செத்தவனுக்குத்தான் குடுத்தேன். உசுரோட கீறவனுக்கு ஒரு பிஞ்சு கூட கெடையாது" என்று சொல்லிவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்கால பஸ்ஸில் பேனர் வந்து சேர்ந்தது. திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் வாங்க மாட்டார் என்பதால், புளி காய வைக்க மாமாவே அதை விரித்துக்கொண்டார். வருகிறவர்கள் சிரித்தார்கள். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்குக் கோயில் கட்டும் பேச்சும் அத்தோடு நின்றது.

மாமா மட்டும் என்னைத் திட்டவேயில்லை. ஒரு நாள் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "நீ மூலைல அழுவ ஆரம்பிச்சப்பவே முழிச்சிட்டேன் மச்சான். ஒரு காதுலேர்ந்து பஞ்சு வுழுந்துட்ச்சி. எழுந்திரிக்கலாம்னுதான் பாத்தேன். அப்ப தூரத்துல அவன் கத்தினு ஓடியார்றது கேட்ச்சி. 'அண்ணா'ன்னு அவன் கூப்ட்டு எவ்ளோ நாளாச்சி. எழுந்திரிக்க மனசு வரல." இன்னொரு துண்டைப் பிய்த்துச் சட்னியில் தொட்டுக்கொண்டார். "வேற எதுனா கேட்டிருக்கலாம். மரத்தப் பத்திக் கேட்டேன் பாரு."

அதன்பிறகு அவர் முன்பைவிடக் குறைவாகத்தான் தூங்கினார்.

அடுத்த வருஷம் மாமா நிஜமாகவே போனார். மாரடைப்பு, காலை நேரம், கொல்லையில். நான் அப்போது மறுபடியும் கீழே ஒரு கம்பெனியில் பசை தடவிக்கொண்டிருந்தேன்; போன் வந்ததும் அடுத்த பஸ்ஸில் மலையேறிவிட்டேன். செய்தி சொல்லக் கூப்பிட்ட இடத்திலெல்லாம் அக்காவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்களாம்: "சங்கரு வந்திருந்தானா?" புருஷனைப் பறிகொடுத்தவள், என் தம்பி ஊரிலேயே இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சின்ன மாமா அன்று போளூரில் புளி விற்கப் போயிருந்தார். போனில் சொன்னதற்கு, "ஒரு தபா ஏமாந்தது போதும், வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டார். கடைசி பஸ்ஸில் மலையேறி அவர் வந்தபோது மண் போட்டு முடித்திருந்தோம்.

அவர் அழவில்லை. மண்மேட்டின் கால் பக்கம் உட்கார்ந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, மாமா அன்று விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார், குரல் கேட்டதால்தான் எழவில்லை என்பதைச் சொன்னேன்.

"நான் பேசினது அல்லாம் கேட்டானா?"

"எல்லாம் கேட்டாரு சின்ன மாமா."

"இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கக் கூடாதா அவன்? சொல்றதுக்கு இன்னும் இருந்துச்சேடா" என்றார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் காது குத்தோ கல்யாணமோ எது நடந்தாலும், சாப்பாடு முடிந்ததும் இந்தக் கதையைச் சொல்கிறவர் ஏழுமலை சின்ன மாமாதான். அவரைப் போல யாராலும் சொல்ல முடியாது. குச்சியும் கையுமாக என்னை நடித்துக் காட்டுவார். அக்காவின் மாட்டுக் கொட்டாய் ஒப்பாரியை ராகத்தோடு பாடுவார். அக்காவே கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். தான் களைக்கொத்தோடு ஓடி வந்ததைச் சொல்வார், காலடியில் விழுந்ததைச் சொல்வார். ஆனால் அவர் சொல்கிற கதையில் புளியமரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. "நான் போய்க் காலப் புட்சேன். எங்கண்ணன் எழுந்து உக்காந்துட்டான்" என்று சொல்லி, அத்தோடு முடித்துவிடுவார். எல்லோரும் கை தட்டுவார்கள். அப்புறம் என்ன நடந்தது என்று நானும் அக்காவும் இதுவரை அந்தக் கூட்டத்தில் யாரிடமும் சொன்னதில்லை.