எகெய்னோஸும் வட்டலப்பமும்

வயிறு முட்டப் புரியாணி தின்றவனை மேடையில் ஏற்றக் கூடாது. இதை ஒரு சட்டமாகவே கொண்டுவரலாம். (முன்மொழிய நான் தயார், ஆனால் பகல் சாப்பாட்டுக்கு முன்னரே கூப்பிட்டுவிட வேண்டும்.)

அப்போது நான் கல்முனையில் ரியூஷன் வகுப்புகளில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் தெரியும் என்பதைவிட, தெரிந்தவன்போல நடக்கத் தெரியும் என்பதே சரி. பாலமுனையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதும் கழுத்தில் டை இருக்கும். என் கல்யாணப் பேச்சு மாவடிப்பள்ளியில் ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் படத்தைக் காட்டியிருந்தார்கள். பார்த்த நாளிலிருந்து நான் பாதி விழிப்பில்தான் திரிந்தேன். பெண் வீட்டார்தான் பதில் சொல்லாமல் இழுத்தார்கள். "இன்னும் விசாரிக்கிறாங்களாம்" என்று உம்மா சொல்லும்போதெல்லாம் டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுவேன். அந்தப் பெண் கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, என் மாணவன் ஒருவனின் தகப்பனான போதகர் வந்து நின்றார். அவருடைய தேவாலயத்தில் பிரசங்கிமாருக்கு ஒருநாள் கருத்தரங்கு. வெளிநாட்டுப் பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசுவார். தமிழில் சொல்ல வேண்டியவருக்குக் காய்ச்சல்.

"சேர், நீங்கதான் காப்பாத்த வேணும்."

"எனக்கு வேதாகமம் தெரியாதே?"

"அத அவர் பாத்துக்கொள்ளுவார். நீங்க அவர் சொல்றதச் சொல்லுங்க. அவர் கையக் காட்டினா நீங்களும் காட்டுங்க. எங்கட ஆக்களுக்கு அப்பிடித்தான் பழக்கம்."

அன்றைய விஷயம் ஒரே ஒரு கிரேக்கச் சொல். எகெய்னோஸ். யோவான் சுவிசேஷத்தில் அடிக்கடி வருகிற, தள்ளி இருப்பவரைச் சுட்டுகிற சொல். கிட்ட இருப்பவருக்கு வேறு சொல் உண்டாம். பேராசிரியர் வியர்த்து வழிந்து விளக்கினார். நமக்கோ இவர், அவர் என்று ஓரெழுத்தில் முடிகிற காரியம். (தமிழை நானே கண்டுபிடித்ததுபோல ஒரு பெருமை எனக்கு.) சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வரப்போகிற பரிசுத்த ஆவியானவரையும் அந்தச் சொல்லால்தான் சுட்டுகிறார்கள், காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசையும் அதே சொல்லால்தான். கிரேக்கத்தில் பிரச்சினையில்லை. தமிழில் சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் அவரா, அவனா என்று கண்மூடித் திறப்பதற்குள் தீர்மானிக்க வேண்டும். பகல்வரை கெட்டித்தனமாகத் தீர்மானித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில், சமையல் பொறுப்பெடுத்திருந்த தொப்பி போட்ட தாடிக்காரர் எனக்கு மட்டும் தன் கையாலேயே பரிமாறினார்.

"தம்பிக்கி ஊரெங்க?"

"பாலமுனை."

"நல்ல ஊரு. சிகரட் கிகரட் பத்துற பழக்கம்?"

"இல்ல."

"அப்ப இன்னொரு துண்டு இறைச்சி வைக்கட்டா? சுபஹுத் தொழுகைக்கு எழும்புவீங்களா மகன்?"

ஒவ்வொரு நல்ல பதிலுக்கும் ஓர் அகப்பை சோறு விழுந்தது. அவர்தான் அந்தப் பெண்ணின் வாப்பா. மாப்பிள்ளையை வேலை செய்யுமிடத்திலேயே வைத்துப் பார்த்துவிடலாம் என்று அந்தச் சமையலைக் கேட்டு வாங்கியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. மனிதருக்கு என் முகராசி பிடித்துவிட்டது என்று நினைத்துத் தின்றுகொண்டே இருந்தேன்.

பின்னேரம் மேடையில் நின்றபோது ஜன்னலால் கடற்காற்று வந்தது. பேராசிரியரின் குரல் எங்கோ தூரத்து வயலில் ஓடும் உழவு மெஷின்போல ஏறி இறங்கியது. நான் மாவடிப்பள்ளி வயல் வரம்பில் நின்றிருந்தேன். வெள்ளாமை கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவம். காற்று போகிற வழியெல்லாம் பச்சை சாய்ந்து நிமிர்ந்தது. அந்தக் கரையில் ஒருத்தி நின்றாள். கூப்பிட நினைத்தேன். பெயர் வாயில் வரவில்லை. வராததுகூட இன்பமாகத்தான் இருந்தது.

விலாவில் போதகரின் முழங்கை இடித்தது. கண்ணைத் திறந்தால், பேராசிரியர் கையை நீட்டி யாருமில்லாத பின்வாசலைக் காட்டிவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார். கடைசி இராப்போசனத்தில், காட்டிக்கொடுப்பவன் யாரென்று சீடர்கள் குருவிடம் கேட்கிறார்கள். அவர் பதில்: 'நான் தோய்த்த அப்பத் துண்டை எவனுக்குக் கொடுக்கிறேனோ, எகெய்னோஸ்.' அது மட்டும் எப்படியோ காதில் விழுந்திருந்தது. தூங்கியதை மறைக்க வேண்டுமே! கையை முழு நீளத்துக்கு நீட்டி, மைக் அதிரக் கத்தினேன்.

"அவனே! காட்டிக்கொடுக்கிறவன் அவனே!"

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்வாசலில், பின்னேரத் தேநீருக்கான இனிப்பு, வட்டலப்பத் தட்டோடு சமையற்காரர் அப்போதுதான் காலை உள்ளே வைத்திருந்தார். அவர் தட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

"ஓம் மகன், நான் ஒளிச்சுத்தான் வந்த. புள்ளட வாப்பா நான்தான். உங்கள விசாரிக்கத்தான் வந்த" என்றார். "ஆனா அல்லாவறிய, புரியாணியில ஒரு குறையும் வைக்கல்ல."

பேராசிரியர் என்னைப் பார்த்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். அன்று நான் மொழிபெயர்க்காமல் விட்ட ஒரே பேச்சு அதுதான்.

வீட்டுக்கு வந்து பாயில் குப்புறப் படுத்து அழுதேன். வெட்கத்துக்காக அல்ல, அந்தப் பெண்ணுக்காக. சம்பந்தம் அவ்வளவுதான் என்று உம்மாவும் சொல்லிவிட்டார். ஆனால் அடுத்த வெள்ளி, ஜும்ஆ முடிந்த கையோடு சம்மதம் வந்தது. நடந்ததைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் அறிந்தேன். நான் தூங்கியபோது என் வாய் தூங்கவில்லையாம். மாமா தட்டோடு வாசலுக்கு வெளியே காத்துநின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். 'வயலுக்கு அந்தக் கரையில் ஒருவர் நிற்கிறார், முகம் தெரியவில்லை, ஆனாலும் நமக்குரியவர் என்று தெரிகிறது, அவரைத்தான் எகெய்னோஸ் என்பார்கள்' என்றேனாம். (பிரசங்கிமார் அதை எழுதியும் கொண்டார்களாம். எந்தப் பிரசங்கங்களில் அது இன்னும் உலவுகிறதோ!) மாமா வீட்டுக்குப் போய் நான் தூங்கியதையும் தூக்கத்தில் சொன்னதையும் சொல்லியிருக்கிறார். "நித்திரைக் கிறுக்கனுக்கா புள்ளயக் குடுக்கிற?" என்று மாமி எகிறியிருக்கிறார். பெண் மட்டும், "அந்த வயல் கதைய இன்னொருக்காச் சொல்லுங்க வாப்பா" என்றாளாம்.

அவள்தான் இப்போது என் மனைவி. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வசனம் விழிப்பில் ஒரு தடவைகூட என் வாயில் வந்ததில்லை. முயன்றிருக்கிறேன், பிள்ளைகள் சிரித்ததுதான் மிச்சம். பகல் சாப்பிட்டு நான் கொட்டாவி விட்டால் போதும், வீடே அவள் முகத்தைப் பார்க்கும். அவள் தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டுச் சொல்வாள்:

"படுங்க, படுங்க. அந்தக் கரையில நிக்கிற அவர் வந்தா என்னக் கூப்பிடுங்க."