பரீட்சை பாயும் ஆறு ராணிகளும்

கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டருக்கும் எனக்கும் ஒத்துவராமல், துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேர்வராயன் மலையில் கொட்டச்சேட்டிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை. பின்னால் வந்த ஷேர் ஜீப் பக்கத்தில் நின்றது. ஓட்டியவர் ஏறிக்கொள்ளச் சொல்லவில்லை.

“ஏனுங்க, ஆறு கல்யாணம் கட்டி, ரெண்டு பொண்டாட்டி தலைய வெட்டுன இங்கிலீஷ் ராஜா யாருன்னு தெரியுமுங்களா?”

“எந்த எஸ்டேட்டுத் துரைங்க?” என்றேன்.

ஜீப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. தெரியாது என்று சொல்லாமல் மேற்கொண்டு விவரம் கேட்டவன் நான் ஒருவன்தானாம். ஏற்றிக்கொண்டார். ஒண்டிக்கடை ஸ்டாப் வருவதற்குள், ஜீப் மேலே மூட்டை கட்டி இறக்கும் வேலையையும் கொடுத்துவிட்டார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பல ஊர் சுற்றியவன். தான் எழுதப்போகாத பரீட்சைக்கு இந்த அளவு படித்த மனிதரை வேறெங்கும் பார்த்ததில்லை. இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கே தெரியாததெல்லாம் ஜீப் ஓட்டும் இந்தப் பரீட்சை பாய்க்குத் தெரியும். சேலம் பஸ் ஸ்டாண்டில் மட்டும் எந்த வழியாக வெளியே வருவது என்று தெரியாது.

எழுத வேண்டியவள் அவர் மகள் பர்வீன். கல்யாணமாகி இங்கிலாந்து போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அந்த நாட்டுக் குடியுரிமைக்கு ஒரு பரீட்சை உண்டு. ராஜா, ராணி, சண்டை, பார்லிமென்ட், பண்டிகை, எந்தப் பகுதிக்கு எந்தப் பூ என்றெல்லாம் கேட்பார்கள். புருஷனும் பிள்ளைகளும் ஏற்கெனவே அந்த ஊர்க்காரர்கள். பர்வீன் இரண்டு தடவை எழுதித் தோற்றுவிட்டாள். ஏர்போர்ட்டில் அவர்கள் ஒரு வரிசையில் நடந்து போய்விட, இவள் மட்டும் வேறு வரிசையில் நிற்கிறாள். சின்னவன் அங்கிருந்தே அம்மா அம்மா என்று அழுவானாம்.

புத்தகத்தில் படித்தால் அவளுக்கு மனதில் நிற்பதில்லை. அவள் அத்தா ஜீப்பில் நடந்ததாகச் சொன்னால் நிற்கிறது. அதனால் இங்கிலாந்தின் சரித்திரம் முழுவதையும் பாய் தன் ஜீப்பில் ஏற்றினார். தினமும் போனில் பேசிப் பதிவு செய்து மகளுக்கு அனுப்புவார்.

ஷேர் ஜீப்பில் தினமும் வருகிறவர்களுக்கு இடம் நிரந்தரம். பின்பக்கத்து இரண்டு பெஞ்சிலும் எதிரெதிராக உட்காரும் ஆறு பேரும் எஸ்டேட் பெண்கள். பர்வீன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அதே ஆறு பேர், அதே இடம். ராஜாவுக்கும் ஆறு மனைவி. பாய் வேறு யோசிக்கவே இல்லை. முதலாவதைத் தள்ளி வைத்தாயிற்று, இரண்டாவதுக்குத் தலை போயிற்று, மூன்றாவது செத்துப்போனது, நாலாவதையும் தள்ளி வைத்தாயிற்று, ஐந்தாவதுக்கும் தலை போயிற்று, ஆறாவது பிழைத்தது. அவரவர் உட்கார்ந்த இடத்துக்கு அவரவர் கதி.

“தலை போனவங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். இரண்டு பேர் தள்ளி உட்காருவார்கள்.

இரண்டாவது இடத்துக்காரி ராஜாமணிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

“நா என்னுங்க பாய் தப்புப் பண்ணுனேன்? மொத ஆளாட்டம் என்னையும் தள்ளி வெச்சுட்டுப் போங்களே.”

“சரித்திரமுங்க. நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாதுங்க.”

பிழைத்த ஆறாவது ராணி அதற்குப் பிறகு யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

ஒருநாள் அந்த நாட்டிலேயே பெரிய மலை நம் சேர்வராயன் மலையைவிடக் குட்டை என்று பர்வீன் சொல்லிவிட்டாள். அன்று முழுக்கப் பாய்க்கு இங்கிலாந்தின் மேல் மரியாதை இல்லை. “உச்சிக் கோயில் திருவிழாவுக்கு நம்ம ஜீப்பு அதுக்கும் மேல ஏறுதுங்க” என்று எதிரே வந்த பஸ் டிரைவரை நிறுத்திச் சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, முன்சீட்டில் ஏறிய ஒரு லாட்ஜ் வாட்ச்மேன் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். அந்த நாட்டுக் குடியுரிமை வந்துவிட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் பர்வீன் இங்கே வெளிநாட்டுக்காரி. அவர் லாட்ஜில் வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டுமாம்.

பாய் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனார். பெற்ற மகள் பெற்றவன் வீட்டில் தூங்கினால் அதையும் தெரிவிக்க வேண்டுமா என்று கேட்டார். போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டு, “அவங்க மொதல்ல பாஸ் பண்ணட்டும் பாய்” என்றாராம்.

அதோடு ஜீப்பில் பாடம் நின்றது. தலை போனவர்களை யாரும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. ராஜாமணிக்கே அது பிடிக்கவில்லை. வழியெல்லாம் என்ஜின் சத்தம்தான் கேட்டது.

மூன்றாவது ராணி காய்ச்சலில் வராத ஒரு காலையில், பாயின் போனில் பர்வீன் பேசி அனுப்பிய பதிவு வந்தது. அவருக்குக் காது மந்தம். சத்தத்தைக் கூட்டி வைத்ததால் ஜீப்புக்கே கேட்டது.

“அத்தா, நாளான்னிக்குப் பரீட்ச. ராணிங்க வரிச மறுபடி கொழம்புது. ஏன் ஒண்ணுமே அனுப்பல?”

பாய் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“புள்ள கேக்குதில்ல, சொல்லுங்க” என்றாள் ராஜாமணி.

“சொன்னா பாஸ் ஆயிருமுங்க. பாஸ் ஆனா இந்த ஊருக்கு அவ வெளிநாட்டுக்காரிங்க. நானே சொல்லிக் குடுத்து அனுப்பணுமுங்களா?”

ராஜாமணி முன்னால் குனிந்து சொன்னாள்: “எங்கப்பன் என்னைய ஊத்தங்கரையிலிருந்து இங்க கட்டிக் குடுத்தப்பவே நா அந்த ஊட்டுக்கு விருந்தாளி ஆயிட்டனுங்க. எனக்குப் பரீட்ச கூட வெக்கல. அதுக்காக எங்கப்பன் கதவச் சாத்திக்கலீங்க. போன எடுங்க பாய். என் தலைய வெட்டித்தான் அந்தப் புள்ள பாஸ் ஆகணும்னா, வெட்டிக்குங்க.”

பாய் ஜீப்பை ஓரமாக நிறுத்தினார். போனைக் கையிலிருந்து கைக்கு மாற்றி ஒவ்வொருவராகத் தங்கள் கதியைச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் இல்லாததால் என்னை உட்கார வைத்தார்கள். “மூணாவது நானுங்க. புள்ளயப் பெத்துட்டுச் செத்துட்டனுங்க” என்றேன். அதுவரை நான் செய்த வேலைகளில் அது ஒன்றுதான் கை வலிக்காத வேலை.

பரீட்சையன்று சாயங்காலம் பர்வீனின் குரல் வந்தது. பாஸ். மூன்றாவது ராணிக்கு எப்போது மீசை முளைத்தது என்றும் கேட்டிருந்தாள். பெண்கள் சிரித்தார்கள். பாய் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்துகொண்டார். என்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. இருந்தாலும் வெகு நேரம் பார்த்தார்.

எனக்கு அதிக நாள் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. மஞ்சக்குட்டைப் பக்கம் மிளகு பறிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். காலையில் கிளம்புகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

“கடப்பாரை புடிப்பீங்களா?” என்று கேட்டார். “பிரிட்டிஷ்காரி வர்ற ஊடுங்க. மேல்நாட்டுக் கக்கூஸ் ஒண்ணு கட்டோணும்.”

“எப்ப வர்றாங்க?”

“அது இன்னும் சொல்லலீங்க.”

மறுநாள் காலை அஸ்திவாரம் தோண்டும் வேலைக்கு நின்றேன். வீட்டுக்குப் பின்னால், சில்வர் ஓக் மரத்தடியில் மண் இளக்கமாக இருந்தது. அங்கே அளவுக்குக் கயிறு கட்டினேன். பாய் வந்து பார்த்தார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் சமையலறைக் கதவை ஒட்டிப் போட்டார்.

“இங்கயே தோண்டுங்க. அவளுக்கு இருட்டுன்னா நொம்ப பயமுங்க” என்றார்.

அங்கேதான் பாறை. அங்கேயே தோண்டினேன்.